மயில்ராவணன் குகை, பெரியாக்களுக்கு இருநூறு

மாங்குளம் தாண்டி ஒட்டுசுட்டான் வீதியில்
பாலை மரமொன்றில் கம்பியால் கட்டிய பலகை:
மயில்ராவணன் குகையும் பூந்தோட்டமும்.
அம்புக்குறி காட்டிய பக்கம் காடுதான் இருந்தது.
பஸ்காரர் சந்தேகத்தோடு திருப்பினார்.

பெரியாக்கள் பத்தொன்பது, சின்னாக்கள் பதினாலு.
மாதர் சங்கப் பொருளாளர் நான்,
எண்ணுவது என் வேலை.
ரிக்கற் மேசையில் டிலக்சிகா
ஏ.எல். கணக்குக் கொப்பியை மூடிவைத்துவிட்டு
ஐயாயிரத்து இருநூறு என்று
மனதிலேயே கூட்டிச் சொன்னாள்.

தோட்டம் என்றால்
வெட்டிய தண்ணீர்த் தாங்கிகளில் கடதாசிப்பூ,
லொறி ரயருக்குள் பட்டிப்பூ,
நடுவில் பாற்கடல்.
அதற்கு நீலம் பூசியிருந்தார்கள்,
வெள்ளை வெயிலில் கண்ணைக் குத்துதாம்.
பாம்பின் தலைப்பக்கம் அசுரர் ஏழு பேர்,
ஏழு பேருக்கும் ஒரே மூக்கு.
விசுவலிங்கத்தார் சிரித்தபோது தெரிந்தது
யாருடைய மூக்கென்று.
"கண்ணாடியைப் பாத்துத்தான் செய்தனான், பிள்ளை.
மொடலுக்கு ஆளுக்கு எங்க போறது?"
தேவர்களின் கண்ணெல்லாம் மனைவி தவமலர் எழுதியது.
அதனால்தானோ என்னவோ
எல்லாரும் சற்றுக் கோபமாய்ப் பார்த்தார்கள்.

இராவணனுக்கு ஒன்பது தலை.
பத்தாவது மாமர நிழலில்
சாக்கு மூடிக் காய்ந்துகொண்டிருந்தது.
"பங்குனிக்குள்ள பூட்டிடுவம்."
சீமெந்து அனுமாரின் தோளில்
நிஜ மந்தியொன்று குந்தியிருந்து
தர்மினியின் வாழைப்பழப் பையையே பார்த்தது.

குகை
நிலத்துக்குக் கீழே பதினொரு படி.
மண்ணை இவர்கள் தோண்டவில்லையாம்,
முன்பே கிடந்த பள்ளமாம்.
அதற்குமேல் அவர் சொல்லவில்லை,
நாங்களும் கேட்கவில்லை.

உள்ளே ஊதா வெளிச்சம்.
கோழிவலையில் சீமெந்து அப்பிய பாறை.
அண்ணனையும் தம்பியையும் தூக்கிவந்து
மயில்ராவணன் மறைத்துவைத்த பாதாளம்.
மூலையில் ஒரு பெட்டி, கண்ணாடிக்குள் ஐந்து வண்டு,
ஐந்திலும் அவன் உயிர்.
பொத்தானை அமத்தினால் ஒவ்வொன்றாய் மினுங்கும்.
நாலு மினுங்கின.
ஐந்தாவதுக்காக என் மகன் இன்னொருதரம் அமத்த,
கறண்ட் போயிற்று.

சின்னாக்கள் 'ஓ' என்று கத்தின.
எதிரொலி வருகிறதா என்று பார்க்க
இன்னும் பெரிதாய்க் கத்தின.

நாங்கள் பத்தொன்பது பேரும் இருந்துவிட்டோம்.
யாரும் சொல்லவில்லை.
முழங்கால் தானாக மடிந்தது.
கை தானாகப் பக்கத்துத் தலையொன்றைத் தேடி அமத்தியது.
வாய் தானாகத் திறந்துகொண்டது,
காது அடைக்காமலிருக்க.
எண்ணுவது என் வேலை.
இருட்டில் மூச்சு மூச்சாக எண்ணினேன்.
பத்தொன்பது வந்தது.
திரும்ப எண்ணினேன்.

மேலே ஜெனறேற்றர் இருமிப் பிடித்தது.
வெளிச்சம் வந்தபோது
இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு பிறந்ததுகள் எல்லாம்
நின்றபடி எங்களைக் குனிந்து பார்த்தன.
"ஏனம்மா இருந்தனீங்கள்?"
"செருப்பு வார் கழண்டிட்டு."
தர்மினிக்கும் வார் கழன்றிருந்தது.
தலைவிக்கும்.
தலைவி வெறுங்காலோடு இறங்கியவள்.

அப்போதுதான் கண்டேன்,
நாங்கள் இருந்தது நிலத்தில் இல்லை.
சுவரோரம் நீளத்துக்கு ஒரு சாண் உயரத்தில் கட்டு,
விளிம்பு தொடையில் குத்தாமல் உருட்டி,
பச்சைச் சீமெந்து மினுக்கி.
கதையில் அப்படியொன்று இல்லை.

வெளியே வந்து கேட்டேன்.
பத்தாவது தலைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.
"முதல் வரியம் கட்டேல்லை.
கறண்ட் போற நேரம் சனம் ஈர மண்ணில இருந்து
சீலையெல்லாம் பழுதாப் போச்சு.
அடுத்த வரியம் கட்டினது."
பிறகு மகள் பக்கம் திரும்பி,
"அந்த அஞ்சாவது வண்டுக்கு பல்ப் வாங்கோணும், எழுதி வை."

பஸ்ஸில் கணக்குக் கொப்பியை விரித்தேன்.
மகன் தோளைச் சுரண்டினான்:
"அஞ்சாவது எரியேல்லை எண்டால்
அவன் செத்திட்டானா அம்மா,
இல்லாட்டி இன்னும் எங்கயும் ஒளிச்சிருக்கிறானா?"

நுழைவு ஐயாயிரத்து இருநூறு.
வாழைப்பழம் ஒரு சீப்பு, மந்திக்கு,
என்று எழுதிக்கொண்டிருந்தேன்.